எந்தக் கடையில் வாங்குவது? பிள்ளைகளின் கணினி விளையாட்டும் நம் பொறுப்பும்



பள்ளி விடுமுறைக்கு முந்திய நாள் அது. பிள்ளைகளின் தேர்ச்சி அறிக்கையைப் பெற்றுக்கொள்ளப் பெற்றோர் வந்துகொண்டிருந்தனர். என் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவனின் தந்தை, லோரி ஓட்டுநர், கையொப்பமிட்ட பின்னும் எழாமல் அமர்ந்திருந்தார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“சார், தீபாவளிக்குக் கிடைத்த பணத்தைப் பையன் செலவு செய்யாமல் வைத்திருக்கிறான். கணினியில் விளையாட்டு ஒன்று வாங்க வேண்டுமாம். ஸ்டீம் என்கிறான், எப்பிக் என்கிறான், ஜிஓஜி என்கிறான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எந்தக் கடையில் வாங்கிக் கொடுக்கலாம்?”

வரிசையில் இன்னும் பலர் காத்திருந்தனர். “எல்லாம் ஒன்றுதான். எதில் மலிவோ அதில் வாங்கிக் கொடுங்கள்” என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நான் கொடுத்த அறிவுரை தவறானது. அதே தவற்றைச் செய்து என் சொந்தப் பிள்ளையின் முன் நான் தலைகுனிந்து நின்றிருக்கிறேன். அந்தத் தந்தைக்குச் சொல்லியிருக்க வேண்டிய மறுமொழியை இங்கே எழுதுகிறேன். இதே கேள்வி உங்கள் வீட்டிலும் எழலாம்.

வட்டிலிருந்து இணையத்திற்கு

நம் தலைமுறைக்குக் கணினி விளையாட்டு என்றால் இரவுச் சந்தையில் குவித்து வைத்திருந்த வட்டுகள்தாம். சில வெள்ளிக்கு ஒரு வட்டு. அவற்றில் பெரும்பாலானவை திருட்டுப் படிகள் என்பது விற்றவருக்கும் தெரியும், வாங்கிய நமக்கும் தெரியும். அவற்றைத் தடுக்க 2000ஆம் ஆண்டில் ஒளிவட்டுச் சட்டம் வந்தது. இருந்தும் நெடுநாள் அந்த வணிகம் நடந்தது.

இன்று அந்தக் கடைகள் இணையத்திற்கு இடம்பெயர்ந்துவிட்டன. அமெரிக்காவின் வால்வு நிறுவனம் 2003 செப்டம்பரில் ஸ்டீமைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு வெளிவந்த ‘ஹாஃப்-லைஃப் 2’ என்னும் விளையாட்டை வட்டாக வாங்கியவர்கள்கூட ஸ்டீமில் கணக்குத் திறந்தால்தான் விளையாட முடிந்தது. போலந்து நாட்டின் சிடி புரோஜெக்ட் நிறுவனம் 2008இல் ஜிஓஜியைத் தொடங்கியது. பழைய நல்ல விளையாட்டுகளைப் புதிய கணினிகளில் இயங்கச் செய்து விற்பதே அதன் தொடக்க நோக்கம். ‘ஃபோர்ட்நைட்’ விளையாட்டை உருவாக்கிய எப்பிக் நிறுவனம் 2018 டிசம்பரில் தன் கடையைத் திறந்தது.

இவற்றுக்கிடையே கடும் போட்டி நிலவுகிறது. ஸ்டீம் ஒவ்வொரு விற்பனையிலும் பொதுவாக 30 விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறது. மிக அதிகமாக விற்கும் விளையாட்டுகளுக்கு மட்டும் அந்தப் பங்கு குறையும். எப்பிக்கோ 12 விழுக்காடு போதும் என்று அறிவித்துப் படைப்பாளர்களை ஈர்த்தது. 2019இல் ‘மெட்ரோ எக்ஸடஸ்’ போன்ற விளையாட்டுகளை ஓராண்டுக் காலம் தன்னிடம் மட்டுமே கிடைக்கும்படியும் செய்தது.

இந்தப் போட்டியால் பெற்றோராகிய நமக்கு என்ன நன்மை? விலைச்சீட்டில் பெரும்பாலும் வேறுபாடு இருப்பதில்லை. பெரிய விளையாட்டொன்றின் விலை மூன்று கடைகளிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். தள்ளுபடிக் காலம் மட்டும் மாறும். 12க்கும் 30க்கும் உள்ள இடைவெளி படைப்பாளருக்கும் கடைக்காரருக்கும் இடையிலான கணக்கு. ஆகவே, விலையைக் கொண்டு கடையைத் தேர்ந்தெடுக்க முயல்வது வீண். வேறு சில கேள்விகளை நாம் கேட்டாக வேண்டும்.

வாங்கிய பொருள் நம்முடையதா?

புத்தகக் கடையில் ஓர் அகராதி வாங்குகிறோம். அந்தக் கடை மூடப்பட்டாலும் அகராதி நம் அலமாரியில் இருக்கும். தம்பிக்கும் தங்கைக்கும் கொடுக்கலாம். இணையக் கடையில் வாங்கும் விளையாட்டு அப்படிப்பட்டதன்று. நாம் வாங்குவது பயன்படுத்தும் உரிமம் மட்டுமே. கலிபோர்னியா மாநிலம் 2024இல் ஒரு சட்டம் இயற்றி, இந்த உண்மையை வாங்குவோருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று கடைகளுக்குக் கட்டளையிட்டது. அது 2025 சனவரி 1 முதல் நடப்புக்கு வந்தது. ஸ்டீம் அதற்கு முன்னரே, பணம் செலுத்தும் பக்கத்தில் ‘நீங்கள் பெறுவது உரிமமே’ என்னும் பொருள்பட ஓர் அறிவிப்பைச் சேர்த்துவிட்டது.

இது வெறும் சட்ட நுணுக்கம் என்று எண்ண வேண்டாம். ‘தி குரூ’ என்னும் கார்ப் பந்தய விளையாட்டை யூபிசாஃப்ட் நிறுவனம் 2014இல் வெளியிட்டது. தனியாளாக விளையாடினாலும் அதற்கு இணைய இணைப்பு வேண்டும். 2024 மார்ச் 31ஆம் நாள் நிறுவனம் தன் வழங்கிகளை நிறுத்தியது. பணம் கொடுத்து வாங்கியவர்கள் அனைவரும் அன்றோடு அந்த விளையாட்டை இழந்தார்கள்.

இன்னோர் எடுத்துக்காட்டு நம் வீடுகளுக்கு மிகவும் பொருந்தும். 2024 சனவரி 1 முதல் ஸ்டீம் விண்டோஸ் 7, விண்டோஸ் 8 ஆகியவற்றுக்கான ஆதரவை நிறுத்திவிட்டது. அண்ணன் பயன்படுத்திய பழைய கணினியைத் தம்பிக்குக் கொடுப்பது நம் குடும்பங்களின் வழக்கம். அந்தக் கணினியில் பல ஆண்டுகள் இயங்கிய விளையாட்டும், கடையின் செயலி இயங்காமற் போனால் முடங்கிவிடும்.

இங்கேதான் ஜிஓஜி வேறுபடுகிறது. அங்கு வாங்கும் விளையாட்டில் பூட்டு இல்லை. நிறுவும் கோப்பைப் பதிவிறக்கி ஒரு வன்தட்டில் சேமித்து வைத்துக்கொள்ளலாம். பிறகு இணையமின்றியே நிறுவி விளையாடலாம். சட்டப்படி அதுவும் உரிமந்தான். ஆயினும் கோப்பு நம் கையில் இருக்கிறது. பூட்டு இல்லை என்பதால் ஊரெல்லாம் படியெடுத்துக் கொடுக்கலாம் என்று பொருளாகாது. அதையும் பிள்ளைக்குச் சேர்த்தே சொல்லிக்கொடுக்க வேண்டும்.

நான் செய்த தவறு

இனி என் கதைக்கு வருகிறேன்.

என் மகனுக்கு அப்போது பதினொரு வயது. வகுப்பு நண்பர்கள் விளையாடிய விளையாட்டொன்றைக் கேட்டான். ஸ்டீமில் அதன் விலை நூறு வெள்ளிக்கு மேல். இணையத்தில் தேடியபோது, குறியீட்டு எண்களை மட்டும் விற்கும் தளம் ஒன்று கண்ணில் பட்டது. அதே விளையாட்டு முப்பத்தெட்டு வெள்ளி! என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டு வாங்கினேன்.

எண்ணைப் பதிவு செய்ய மகனுக்கு ஒரு கணக்கு தேவைப்பட்டது. பிறந்த தேதியைக் கேட்டது கணினி. மகன் உண்மையான ஆண்டை உள்ளிடப் போனான். பதின்மூன்று வயது நிரம்பாதவர் கணக்குத் திறக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். “நான்கு ஆண்டு கூட்டிப் போடு” என்றேன். அவன் ஒருகணம் என்னை ஏறிட்டுப் பார்த்தான். பிறகு நான் சொன்னபடியே செய்தான்.

மூன்று மாதம் கழித்து ஒரு மாலையில் அந்த விளையாட்டு அவனுடைய பட்டியலிலிருந்து மறைந்துவிட்டது. விற்ற தளத்துக்குப் பலமுறை எழுதினேன், பதிலே வரவில்லை. ஸ்டீமைக் குறைகூறவும் வழியில்லை. நான் அங்கு வாங்கவில்லையே! இத்தகைய மலிவு எண்களில் ஒரு பகுதி எப்படி வருகிறது என்பதைப் பிறகுதான் படித்தறிந்தேன். திருடப்பட்ட கடன் அட்டையைக் கொண்டு ஒருவன் எண்களை வாங்குகிறான். அவற்றை மலிவாக விற்றுப் பணமாக்குகிறான். அட்டையின் உண்மையான உரிமையாளர் முறையிட்டதும் வங்கி பணத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. விளையாட்டைப் படைத்தவர் அந்த எண்களை நீக்கிவிடுகிறார். எனக்கு விற்கப்பட்ட எண்ணும் இப்படித்தான் வந்ததா என்பதை உறுதியாகச் சொல்ல என்னிடம் சான்றில்லை. நடந்ததை மகனுக்கு விளக்கினேன்.

அவன் ஒன்று கேட்டான். “அப்பா, அப்படியென்றால் நாமும் திருட்டுப் பொருள் வாங்கியவர்களா?”

நன்னெறிக் கல்வி நடத்தும் ஆசிரியன் நான். வாய்மையைப் பற்றி எத்தனை மாணவர்களுக்குக் கட்டுரை எழுதப் பயிற்றுவித்திருக்கிறேன்! ஆனால் என் பிள்ளை தனக்கென்று திறந்த முதல் இணையக் கணக்கில் முதல் வரியே பொய். அவன் வாங்கிய முதல் பொருளோ ஐயத்துக்குரியது. இரண்டும் என் கைப்பட நடந்தவை. முப்பத்தெட்டு வெள்ளி போனதற்கு நான் வருந்தவில்லை. அவன் என்னை ஏறிட்டுப் பார்த்த அந்த ஒருகணம்தான் இன்றும் என் மனத்தை அறுக்கிறது.

பொருளைத் திருப்பிக் கொடுக்க முடியுமா?

பிள்ளைகளின் ஆசை ஒரே நாளில் மாறக்கூடியது. கணினியின் ஆற்றல் போதாமல் விளையாட்டு இயங்காமலும் போகலாம். ஆகையால் பணம் திரும்பக் கிடைக்குமா என்பது முக்கியமான கேள்வி.

ஸ்டீமில் வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். இந்த விதி 2015இல் வந்தது. அதற்கு முன் இத்தகைய பொதுவிதி அங்கு இல்லை. ஆஸ்திரேலியாவின் பயனீட்டாளர் ஆணையம் இதன் தொடர்பில் 2014இல் வால்வுமீது வழக்குத் தொடுத்தது. 2016இல் நீதிமன்றம் 30 இலட்சம் ஆஸ்திரேலிய டாலர் தண்டம் விதித்தது. எப்பிக் கடையின் விதியும் 14 நாள், 2 மணி நேரம் என்பதே. ஆனால் எல்லாப் பொருளுக்கும் அது பொருந்தாது. ஜிஓஜி 2020 முதல் 30 நாள் தருகிறது, விளையாடிப் பார்த்திருந்தாலும்கூட. அந்தத் தாராளத்தைத் தவறாகப் பயன்படுத்தாமல் இருப்பதும் ஒரு நற்பண்பு.

நான் எண் வாங்கிய அந்தத் தளத்திலோ திருப்பிக் கேட்க ஆளே இல்லை. மலிவின் உண்மையான விலை அதுதான்.

இலவசம் என்னும் தூண்டில்

எப்பிக் கடை வாரந்தோறும் ஏதேனும் ஒரு விளையாட்டை இலவசமாகத் தருகிறது. ஒருமுறை பெற்றுக்கொண்டால் அது நம் கணக்கிலேயே இருக்கும். இதில் ஏமாற்று இல்லை. வாடிக்கையாளரை வரவழைக்க அந்நிறுவனம் செய்யும் செலவு அது.

நாம் அஞ்ச வேண்டியது வேறோர் இலவசம். விளையாட்டு இலவசம், உள்ளே ஆடை, ஆட்டம், அணிகலன் எல்லாம் காசு! ஃபோர்ட்நைட்டில் ‘வீ-பக்ஸ்’, ரோப்லாக்ஸில் ‘ரோபக்ஸ்’. வெள்ளியைப் புள்ளியாக மாற்றியவுடன் பிள்ளைக்குச் செலவின் அளவு தெரிவதில்லை. 2022 டிசம்பரில் அமெரிக்கக் கூட்டரசு வணிக ஆணையம் தொடுத்த வழக்குகளை முடித்துக்கொள்ள எப்பிக் நிறுவனம் 52 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. அதில் 27.5 கோடி சிறுவர்களின் தனித்தகவல் தொடர்பான தண்டம். 24.5 கோடி, குழப்பமான பொத்தான் அமைப்பால் விருப்பமின்றி வாங்க நேர்ந்தவர்களுக்குத் திருப்பித் தர வேண்டிய தொகை. அந்த மாதத்திலேயே சிறுவர்களுக்கெனக் கட்டுப்பாடுள்ள கணக்கு முறையை அது கொண்டுவந்ததையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

ஆகவே, எந்தக் கடையாயினும் பிள்ளையின் கணக்கில் கடன் அட்டையைப் பதிந்து வைக்காதீர்கள். முன்பணம் செலுத்திய அட்டையோ குறியீடோ வாங்கி அளவாகக் கொடுங்கள். வெளிநாட்டு மின்னியல் சேவைக்கு நம் நாட்டில் 2020 முதல் சேவை வரி உண்டு. 2024 மார்ச் முதல் அது 8 விழுக்காடு. அதையும் பிள்ளையையே கணக்கிடச் சொல்லுங்கள். விழுக்காட்டுப் பாடத்துக்கு இதைவிட நல்ல பயிற்சி ஏது?

அரசாங்கம் பார்த்துக்கொள்ளுமா?

“தகாத விளையாட்டுகளை அரசாங்கம் தடுக்காதா?” என்று சிலர் கேட்கலாம். 2017 செப்டம்பரில் அப்படி ஒன்று நடந்தது. சமயத் தலைவர்களும் தெய்வங்களும் ஒருவரோடொருவர் சண்டையிடும் ‘ஃபைட் ஆஃப் காட்ஸ்’ என்னும் விளையாட்டை நீக்கும்படி மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் கேட்டது. கெடுவுக்குள் நீக்கப்படாததால் ஸ்டீம் கடை முழுவதுமே இங்கு முடக்கப்பட்டது. அந்த விளையாட்டு மலேசியாவுக்கு விற்கப்படாதபடி செய்த பிறகே கடை மீண்டும் திறந்தது.

அந்த ஒரு விளையாட்டு போயிற்று. மற்றவை? 2018 முதல் ஸ்டீம், வயதுவந்தோருக்கான விளையாட்டுகளையும் விற்க இடமளித்து, வேண்டாதவர் வடிகட்டிக்கொள்ளும் வசதியைத் தந்துள்ளது. வடிகட்ட வேண்டியவர் யார்? நாம்தான். வாசற்கதவைப் பூட்டும் வேலையை ஊராட்சியிடம் ஒப்படைக்க முடியுமா?

என் முடிவு

இவ்வளவும் ஆராய்ந்து நான் வந்தடைந்த முடிவை வெளிப்படையாகவே சொல்கிறேன்.

1. பதின்மூன்று வயது நிரம்பாத பிள்ளைகளுக்கு, அதாவது நம் தமிழ்ப்பள்ளி மாணவர் அனைவருக்கும், ஜிஓஜி போன்ற பூட்டில்லாக் கடையே ஏற்றது. பெற்றோர் தம் பெயரில், தம் உண்மையான வயதில் கணக்குத் திறக்கட்டும். வாங்கிய விளையாட்டை வீட்டுக் கணினியில் நிறுவிக் கொடுக்கட்டும். தனியாளாக விளையாடும் விளையாட்டுகளுக்குப் பிள்ளைக்கு எந்தக் கணக்கும் தேவையில்லை. பொய் சொல்லவும் தேவையில்லை. முன்பின் அறியாதவரோடு உரையாடும் வாய்ப்பும் அங்கில்லை.

2. இடைநிலைப்பள்ளிக்குச் சென்று பதின்மூன்று வயது நிரம்பியதும் ஸ்டீம் கணக்குத் திறந்து கொடுக்கலாம். 2024இல் முழுமையாக வந்த ‘ஸ்டீம் ஃபேமிலிஸ்’ ஏற்பாட்டில் ஒரே வீட்டில் வாழும் ஆறு பேர் வரை சேரலாம், விளையாட்டுகளைப் பகிர்ந்துகொள்ளலாம். விளையாடும் நேரத்தை வரையறுப்பதும், எதை விளையாடலாம் என்று முடிவு செய்வதும், பிள்ளை வாங்கக் கேட்பதற்கு ஒப்புதல் தருவதும் பெற்றோர் கையில். ஒன்றை மறவாதீர்கள்: உங்களுக்குரிய விளையாட்டில் பிள்ளை ஏமாற்று நிரலைப் பயன்படுத்தித் தடைபெற்றால், அந்த விளையாட்டில் உங்கள் கணக்கும் தடைபெறக்கூடும். ஒருவர் செய்யும் தவறு குடும்பத்தையே பாதிக்கும் என்பதற்கு நல்ல பாடம்!

3. எப்பிக் கடையின் இலவச விளையாட்டுகளைப் பெற்றோர் தம் கணக்கில், கடன் அட்டை பதியாமல், பெற்று வைக்கலாம். பொருத்தமானதை மட்டும் பிள்ளைக்குக் காட்டலாம்.

4. மலிவு எண் விற்கும் இடைத்தரகர் தளங்களை நாடவே வேண்டாம். விலை மிகுதி என்றால் தள்ளுபடிக் காலம் வரும்வரை காத்திருங்கள். காத்திருக்கக் கற்பதும் கல்விதான்.

“நண்பர்கள் விளையாடுவது ஜிஓஜியில் இல்லையே” என்று பிள்ளை முறையிடுவான். உண்மைதான். பலர் கூடி விளையாடும் புகழ்பெற்ற விளையாட்டுகள் பல அங்கில்லை. ரோப்லாக்ஸும் ஃபோர்ட்நைட்டும் அங்குக் கிடைக்கா. என் முடிவின் குறை அது, மறைக்க விரும்பவில்லை. நண்பர்களோடு சேர முடியாத பிள்ளையின் ஏக்கத்தையும் நான் அறிவேன். ஆனால் பதினொரு வயதில் இல்லை என்று சொல்லப்பட்ட ஒன்று பதின்மூன்று வயதில் கிடைக்கும். பதினொரு வயதில் தந்தையே கற்றுக்கொடுத்த பொய்யை எந்த வயதில் திரும்பப் பெறுவது? அதற்கு 14 நாள் கெடு தரும் கடை எதுவும் இல்லை.

என் மகன் இப்போது மூன்றாம் படிவத்தில் இருக்கிறான். பொய்யான தேதியில் திறந்த அந்தக் கணக்கை நாங்கள் இருவரும் சேர்ந்தே நீக்கினோம். அதிலிருந்த இரண்டு இலவச விளையாட்டுகளும் போயின. பதின்மூன்றாம் பிறந்தநாளன்று புதுக் கணக்குத் திறந்தபோது, பிறந்த ஆண்டை அவனே உள்ளிட்டான். இம்முறை என் முகத்தைப் பார்க்கவில்லை.

பள்ளி திறந்ததும் அந்த லோரி ஓட்டுநரைத் தொலைபேசியில் அழைக்கப் போகிறேன். “எதில் மலிவோ அதில்” என்று நான் சொன்னதைத் திரும்பப் பெற வேண்டும். பையனையும் அழைத்து வரச் சொல்லி, மூவரும் கணினி முன் அமர்ந்து, தந்தையின் பெயரிலேயே கணக்குத் திறந்து, முறையாக வாங்க எண்ணியிருக்கிறேன். சேர்த்து வைத்த தீபாவளிப் பணம் அவனுடையது. அதை நேர்வழியில் செலவிட வழிகாட்டும் கடமை நம்முடையது.